நேரா நில்லு

அரசு மருத்துவமனை. எலும்பு சிகிச்சைப் பிரிவு. பெஞ்சில் ஏழு பிள்ளைகள். ஆறு பேர் பெண்கள். அம்மாக்கள் சுவரோரம் நிற்கிறார்கள். எல்லார் கையிலும் மஞ்சள் பை, ஓ.பி. சீட்டு.

கடைசியில் இருப்பவளுக்கு எட்டாம் வகுப்புச் சீருடை. இரட்டைச் சடை. வலது தோள் ஒரு விரற்கடை உயரம். முதலில் பார்த்தவர் டெய்லர். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டிய துணி, போட்டால் ஒரு பக்கம் தூக்குகிறது. இரண்டு தரம் பிரித்துத் தைத்துவிட்டு, "துணியில ஒண்ணும் இல்லக்கா. பிள்ளைய டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாராம். அம்மா இதைப் பக்கத்தில் நிற்பவளிடம் சொல்கிறாள். பள்ளிக்கூடப் பை அம்மாவின் தோளில் தொங்குகிறது. அவள் தோள் சரிகிறது.

திரைக்குப் பின்னால் நர்ஸ். "ரெண்டு கையையும் சேர்த்துக்க. அப்படியே குனி." கும்பிட்ட கை தரையைப் பார்த்து இறங்குகிறது. முதுகின் வலப்பக்கம் விலா எழும்புகிறது. இடப்பக்கம் தாழ்கிறது. பயிற்சி மருத்துவர் செல்போனைக் குறுக்கே வைக்கிறார். திரையில் ரசமட்டம். 9. போன் அதிர்கிறது. யாரோ பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்பியிருக்கிறார்கள். 11. மறுபடி 9. 7-ஐத் தாண்டினால் எக்ஸ்ரே.

எக்ஸ்ரே அறை. "நேரா நில்லும்மா." நிற்கிறாள். "இன்னும் நேரா." நிற்கிறாள். "மூச்சைப் பிடிச்சுக்க."

விளக்குப் பெட்டியில் படம். கழுத்திலிருந்து நேராக இறங்கும் தண்டு நெஞ்சுக்கூட்டில் வலப்புறம் ஒதுங்கி, இடுப்பருகே திரும்பி வருகிறது. பென்சில், அடிமட்டம், கோணமானி. வளைவின் மேல்கோடியில் மிகச் சாய்ந்த எலும்பின் தலையில் ஒரு கோடு. கீழ்க்கோடியில் மிகச் சாய்ந்ததன் அடியில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே கோணம். ஜான் காப் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-இல் சொல்லிக்கொடுத்தது. ஒரு பயிற்சி மருத்துவர் 30 என்கிறார். இன்னொருவர் 35. பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு 32 என்கிறார். சீட்டில் 32 ஏறுகிறது.

10-க்குக் கீழே வளைவென்று பெயரே கிடையாது. 25-ஐத் தாண்டி, வளரும் வயதும் மிச்சம் இருந்தால் பெல்ட். 50-ஐ நெருங்கினால் கத்தி.

"பெரியவளாகி எத்தனை மாசம்?"

அம்மா பயிற்சி மருத்துவர்களைப் பார்க்கிறாள். குரல் இறங்குகிறது. "தையிலதான் தண்ணி ஊத்தினோம் சார்."

பேராசிரியர் விரல்விட்டு எண்ணுகிறார். படத்தில் இடுப்பெலும்பின் விளிம்பைத் தொடுகிறார். "இன்னும் நல்லா வளருவா."

அம்மா சிரிக்கிறாள். பேராசிரியர் சிரிக்கவில்லை. பிள்ளை வளரும் வேகத்தில்தான் வளைவும் கூடும்.

"பை தூக்கித் தூக்கித்தான் சார் இப்படி..."

"பையால வராதும்மா."

"கோணலா உக்காருவா சார்."

"அதாலயும் வராது."

"பின்ன எதால?"

"அஞ்சுல நாலு பேருக்கு எதாலன்னே தெரியாது."

அம்மா தலையாட்டுகிறாள். பையை இறக்கவில்லை.

"கல்யாணத்துக்குள்ள நேராயிருமா?"

"நேராக்க இல்லம்மா. கூடாம நிறுத்த." பேராசிரியர் பயிற்சி மருத்துவர்கள் பக்கம் திரும்புகிறார். 2013-இல் வெளிவந்த அமெரிக்க, கனடிய ஆய்வு. பெல்ட் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியைத் தொடாமல் வளர்ந்து முடித்தார்கள். போடாதவர்களில் 48.

"போடாமலே பாதிப் பேர் தப்பிச்சிருக்காங்களே சார்?"

"எந்தப் பாதின்னு முன்னாடியே சொல்லு பாப்போம்."

பெல்ட்டுக்குள் வெப்பமானி வைத்து, போட்ட நேரத்தை எண்ணினார்களாம். ஒரு நாளில் ஏறக்குறைய 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பினார்கள். சிறுமி வெப்பமானி என்ற இடத்தில் நிமிர்ந்து பார்க்கிறாள். சீட்டில் "18 மணி நேரம்" என்று எழுதுகிறார்கள்.

வெளியே இன்னொரு அம்மா தன் மகளின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிறாள். இரண்டு கம்பி, வரிசையாகத் திருகாணி. "ஆபரேஷனுக்கு அப்புறம் உயரங்கூட கூடிருச்சு." மகள் செல்போன் பார்க்கிறாள். வளையாத முதுகோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள்.

பெல்ட் செய்யும் கூடம். பக்கெட்டில் வெதுவெதுப்பான நீர். மாவுக்கட்டுச் சுருள்கள் குமிழிவிட்டு முழுகுகின்றன. உடம்பை ஒட்டிய பனியன் துணி. மேலே அழியாப் பென்சிலால் இடுப்பு எலும்பு, விலா, அக்குள் எல்லாவற்றுக்கும் அடையாளம். பெண் உதவியாளர் சுற்றுகிறார். "நேரா நில்லு." பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மாவு சூடேறி இறுகுகிறது. முன்பக்கம் கத்தி ஓடுகிறது. கூடு கழன்று வருகிறது.

கூட்டுக்குள் மாவு ஊற்றி, நடுவில் இரும்புக் குழாய் செருகுகிறார்கள். அலமாரியில் தலையில்லாத, கையில்லாத வெள்ளை உடம்புகள். ஒவ்வொன்றின் மீதும் பதிவு எண். எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கின்றன. தொழில்நுட்பர் அரத்தை எடுத்து, அழுத்த வேண்டிய இடத்தில் தேய்த்துக் குறைக்கிறார். எதிர்ப்பக்கம் மாவு அப்பிக் கூட்டுகிறார். உடம்பு அந்த இடைவெளிக்குள் நகர வேண்டும். வெள்ளை பிளாஸ்டிக் தகடு அடுப்பில் கண்ணாடியாகத் தெளிந்ததும் உருவத்தின் மேல் போர்த்துகிறார்கள்.

மூன்றாம் வாரம். பெல்ட் முதுகுப் பக்கம் திறந்து, மூன்று பட்டையோடு. இழுத்துக் கட்டுகிறார்கள். மூச்சு மேலே ஏறுகிறது. பேனா கீழே விழுகிறது. சிறுமி குனியப் பார்க்கிறாள். முடியவில்லை. முழங்காலை மடித்து, நேராக இறங்கி, எடுக்கிறாள்.

"குளிக்க, விளையாடக் கழட்டலாம்" என்கிறார் தொழில்நுட்பர்.

"கோகோவுக்கு?"

"கழட்டலாம்."

"எத்தனை மணி நேரம் விளையாடலாம் அண்ணே?"

அவர் அம்மாவைப் பார்க்கிறார். அம்மா பட்டையைப் பார்க்கிறாள்.

டவுன் பஸ். நிற்க இடமில்லை. பிரேக். ஒரு பாட்டியின் முழங்கை சிறுமியின் விலாவில் இடிக்கிறது. டொக்கென்று சத்தம். பாட்டி முழங்கையைத் தடவிக்கொண்டு துணிக்கு மேல் தட்டிப் பார்க்கிறாள்.

"என்னடி உள்ள, தகரமா?"

"முதுகுவலிங்க. பெல்ட் போட்டிருக்கு" என்கிறாள் அம்மா, சட்டென்று.

"வலியெல்லாம் இல்ல பாட்டி" என்கிறாள் சிறுமி. "முப்பத்திரண்டு டிகிரி."

பாட்டி அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள்.