கொன்சர்ட் உடுப்பு



நமதூர் பாலர் பாடசாலைகளில் கொன்சர்ட் காலம் தொடங்கிவிட்டது. வாட்ஸ்அப் குழுக்களில் படம் வருகிறது. உங்கள் மகள் எல்சா, உங்கள் மகன் ஸ்பைடர்மேன், வெள்ளிக்கிழமைக்கு முன் உடுப்பு எடுக்கவும்.

எல்சா உடுப்பு கடையில் 4,500 ரூபாய். கிரீடமும் சப்பாத்தும் வேறு. வாடகைக்கு எடுத்தாலும் 1,500, அதோடு முற்பணம். இரண்டு பிள்ளைகள் மேடையேறும் வீடென்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அஸ்வெசும பட்டியலில் வறிய குடும்பத்துக்கு 2025 தொடக்கம் மாதம் கூடியது 10,000 ரூபாய். அதற்கு ஒரு படி மேலே உள்ளவர்களுக்கு 2025இல் 5,000 கிடைத்தது. அதே வருடம் அப்படியான வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொப்பி, பென்சில் வாங்க அரசாங்கம் 6,000 கொடுத்தது. ஒரு வருடத்துக் கொப்பிக்கு ஆறாயிரம், ஐந்து நிமிடப் பாட்டுக்கு நாலாயிரத்து ஐந்நூறு!

இந்தப் பிள்ளைகள்தான் அடுத்த வருடம் முதலாம் தரத்துக்கு என்னிடம் வருகிறார்கள். கொன்சர்ட்டில் என்ன ஆடினீங்க என்று கேட்டால் துள்ளித் துள்ளிச் சொல்வார்கள். இம்முறை ஒரு பிள்ளை, "எனக்கு அண்டைக்குக் காய்ச்சல் டீச்சர்" என்றாள். பக்கத்தில் இருந்தவள் உடனே, "பொய் டீச்சர், அவட உம்மாட்ட உடுப்புக்குச் சல்லி இல்ல" என்றாள். இரண்டு பேருக்கும் வயது ஆறு. நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை.

பாடசாலையில் எல்லாருக்கும் ஒரே வெள்ளைச் சீருடை. பிரேமதாச காலத்தில் தொடங்கிய இலவசத் துணி இன்றைக்கும் வருகிறது. வகுப்பில் மறைத்து வைத்ததை மேடையில் ஏற்றிக் காட்டுவானேன்?

பாலர் பாடசாலை டீச்சர்மாரைக் குறை சொல்லவில்லை. அவர்களின் சம்பளம் ஊருக்கே தெரியும். உடுப்பு வடிவில்லை என்று முதலில் முகம் சுளிப்பது பெற்றோர்தான்.

மீனவர், விவசாயி என்றால் சாரனும் தொப்பியும் வீட்டிலேயே இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிக்குக் கார்ட்போர்ட் சிறகு போதும். எல்சாதான் வேண்டுமென்றால் நீல நெட் துணி எடுத்து, தைக்கிற ராத்தாமாரிடம் கொடுங்கள். சல்லி ஊருக்குள்ளேயே நிற்கும். கடை உடுப்பின் மினுக்கம் ஒரு கழுவலுக்குத் தாங்காது, அது வேறு கதை.

என்னிடம் மூத்தவளின் எல்சா உடுப்பு ஒன்று, சின்னவனின் சிங்க உடுப்பு ஒன்று கழுவி மடித்தபடி இருக்கிறது. ஐந்து வயதுக்கு அளவாக இருக்கும். தேவையானவர்கள் இன்பொக்ஸில் வாங்க. பெயர் வெளியே போகாது, திருப்பித் தரவும் வேண்டாம். உங்கள் அலுமாரியில் இருப்பதையும் அளவோடு கொமென்டில் போடுங்கள்.