சரிகைக்குள் ஒரு சிவப்பு நூல்

ராசிபுரம் பட்டுக்கூடு ஏல மையத்தில் கூடுகளை அள்ளிப் பார்த்த கையோடு தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. பட்டு இழுத்தால் நீளும். வெள்ளித் தகடு அந்த அளவுக்கு நீளாது. இரண்டும் சரிகையில் எப்படிப் பிரியாமல் இருக்கின்றன?

குழித்தறியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "வெள்ளிய எதைப் போட்டுங்கய்யா ஒட்டறாங்க?" என்றேன்.

"ஒட்டறதா? பசையே கிடையாது கண்ணு. எல்லாம் சுத்துதான்" என்றவர், சரிகை சுற்றிய தாரிலிருந்து ஒரு சாண் அறுத்து நுனியை நகத்தால் நெருடினார். தகடு சுருள்சுருளாகக் கழன்றது. உள்ளே சிவப்புப் பட்டு.

எனக்கு விடை அந்தச் சுருளில்தான் இருந்தது. தகட்டை நூலின்மேல் நீளவாக்கில் ஒட்டியிருந்தால் முதல் இழுப்பிலேயே விரிசல் விடும். சுருளாக இருப்பதால், பட்டு நீளும்போது தகடு நீள வேண்டியதில்லை; சுற்றுகள் கொஞ்சம் விலகிக் கொடுத்தால் போதும். நூல் வளைந்தாலும் அப்படியே.

வானூர்தி செய்கிறவர்கள், உலோகத்தையும் இழையையும் பிரியாமல் சேர்க்கும் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்திருக்கிறார்கள். ஏர்பஸ் ஏ380-இன் மேல் உடற்பகுதியில் அலுமினியத் தகடும் கண்ணாடி இழையும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருக்கின்றன. அங்கே பிடிப்பு பசையில். பசை பிடிக்க அலுமினியத்தின் மேற்பரப்பை முதலில் அமிலத்தில் பக்குவப்படுத்த வேண்டும். கண்ணாடிக்குப் பதில் கரி இழையென்றால் இன்னொரு தொல்லை: ஈரம் பட்டால் அதைத் தொடும் அலுமினியம் அரிக்கும்; நடுவே கண்ணாடி இழை வைத்துப் பிரிக்கிறார்கள்.

சரிகை ராசிபுரத்தில் பிறப்பதில்லை. சூரத்திலும், காஞ்சிபுரத்தில் 1971-இல் தொடங்கிய அரசு நிறுவனமான தமிழ்நாடு சரிகை ஆலையிலும் வெள்ளிக் கம்பியை இழுத்து, தகடாக நசுக்கி, சாயமிட்ட பட்டில் சுற்றி, கடைசியில் தங்கமுலாம் ஏற்றுகிறார்கள். காஞ்சிச் சரிகையில் ஒரு காலத்தில் வெள்ளி 57 விழுக்காடு, தங்கம் 0.6. விலை ஏறியதும் வெள்ளி 40-க்கு இறங்கியது, தங்கம் 0.5 ஆனது, அந்த இடத்தைச் செம்பு நிரப்பியது. பட்டின் பங்கு மட்டும் மாறாமல் 24 விழுக்காடு. மின்னுவதெல்லாம் வெளியே, தாங்குவது இந்தக் கால்பங்குதான்.

"சுத்து இறுக்கமா இருந்தா தகடு பட்ட அறுத்துரும். தளர்வா இருந்தா பண்ணைப் பல்லுல உரிஞ்சு திரண்டு நிக்கும்" என்றார் பெரியவர். பண்ணை என்பது நூலை நெருக்கி அடிக்கும் சீப்பு; ஒவ்வொரு அடிக்கும் அது சரிகையை உரசுகிறது. மோசமான சரிகை வந்தால் அவர் அடியை மெதுவாக்குகிறார், நாடாவை, அதாவது ஓடத்தை, மென்மையாக விடுகிறார். எங்கோ ஒரு எந்திரம் சரியாகச் சுற்றாததை இங்கே ஒரு கை ஈடுகட்டுகிறது. கூலியோ சேலைக் கணக்கில். இந்த நிதானத்துக்குத் தனியாக எதுவும் கிடையாது. அது நியாயமில்லை என்று அவரிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

பேச்சினூடே ஓர் இழை அறுந்தது. அவர் மனைவி தறிக்கு அந்தப் பக்கமாக வந்து குனிந்தார். விரலில் சாம்பல் தொட்டு இரண்டு நுனிகளையும் சேர்த்து முறுக்கினார். "ம், அடிங்க" என்றார். பண்ணை அதைத் தாண்டும் வரை மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.