ஓட்டம் உண்டு, மண் இல்லை

மேசோன்-லாஃபீத் திடலே! சேன் ஆற்றின் கரையோரம் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பச்சை மாறாது நீண்டு கிடந்த நேர்தடமே! நினக்காக அழுவார் யார்? மன்னன் மாண்டால் பாட மரபு உண்டு. களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் உண்டு. கணவனை இழந்தவளுக்கும் நண்பனை இழந்த புலவனுக்கும் அழுகைக்கு ஒரு வழி வகுத்து வைத்தார்கள் நம் முன்னோர். குதிரைகள் ஓடிய மண், ஓட்டம் இழந்து வெறுமையாய்க் கிடக்கும்போது என்ன சொல்லி அழுவதென்று எவரும் வகுத்து வைக்கவில்லை. 2019 அக்டோபரில் நின் புல்லின்மேல் கடைசிப் பந்தயத்தின் குளம்பொலி அடங்கியது. நின்னை அறிந்தவர் நெஞ்சில் அன்று மூண்ட துயரம் இலக்கணத்தின் இசைவுக்குக் காத்திருக்கவில்லை.

பாரி மாய்ந்தபின் பறம்பு நின்றது. சுனையும் நின்றது, பலாவும் நின்றது. அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கபிலர் அழுதார். நினக்கு நேர்ந்ததோ அதன் மறுதலை. மலை மாய்ந்தது, பாரியின் பெயர் மட்டும் பிழைத்து, மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊர் போயிற்று. நின் மடியில் வளர்ந்த ப்ரீ ரொபேர் பாப்பன், ஈராண்டு நிரம்பிய இளங்குதிரைகளுக்கான கோடைப் பந்தயம், சாகவில்லை. 2020-ல் அது ஷாந்தியீயின் புல்லுக்குக் குடிபெயர்ந்தது. வென்ற குதிரைகளின் பட்டியலில் பழைய பெயர்களின் கீழே புதுப்பெயர் சேர்ந்தது. அயலார் பார்வைக்கு எதுவும் அறுந்ததாகத் தெரியாது. அறுந்தது எதுவென்று நின் மண்ணை அறிந்தவரே அறிவர்.

நின் ஊரின் வரலாறும் இழப்பில் தொடங்கியதுதான். 17-ஆம் நூற்றாண்டில் ஃபிரான்சுவா மான்சார் என்னும் பெருங்கட்டடக் கலைஞர், ரெனே த லோங்கேய் என்பவருக்காக அங்கே ஒரு மாளிகை எடுத்தார். மாளிகையின் பெருமைக்கு ஈடாகக் குதிரை லாயங்களும் கல்லில் எழுந்தன. மாளிகை கைமாறிக் கைமாறி, 1777-ல் ஆர்த்துவா கோமகனிடம் வந்தது. 1818-ல் வங்கியாளர் ஜாக் லாஃபீத் அதை வாங்கினார். 1830களில் அவர் செல்வம் சரிந்தபோது பரந்த பூங்காவை மனைமனையாகக் கூறுபோட்டு விற்றார். மனை வாங்கி வீடு கட்ட வருவோர்க்குக் கல் வேண்டுமே என்று, மான்சார் எடுத்த லாயங்களை இடித்து, அந்தக் கல்லைக் கொடுத்தார். பின்னாளில் குதிரைகளின் நகரம் என்று பெயர் பெறவிருந்த ஊர், குதிரைகளின் வீட்டை இடித்த கல்லால் எழுந்தது. தன்னைக் கூறுபோட்டவரின் பெயரையே 1882-ல் ஊர் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது.

அந்த மண்ணுக்குக் குதிரை திரும்பி வந்தது 1878-ல். கொண்டுவந்தவர் ஜோசப் ஒலேர். எல்லோர் பந்தயப் பணத்தையும் ஒரே குவையில் சேர்த்து, வென்ற குதிரைமேல் கட்டியவர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை 1860களில் பாரிசில் வகுத்தவர் அவர். மூலான் ரூஜ் ஆடலரங்கைப் பின்னாளில் நிறுவிய இருவருள் ஒருவரும் அவரே. அவர் அமைத்த திடலே, நின்னிடம் இருந்தது பிற திடல்களுக்கு வாய்க்காத ஒரு செல்வம்: வளைவில்லாமல் 2,000 மீட்டர் நீளும் நேர்தடம். ஐரோப்பாவின் மிக நீண்ட நேர்தடங்களுள் அதுவும் ஒன்று. வளைவில் குதிரையைத் திருப்பும் சூழ்ச்சிக்கு அங்கே வேலை இல்லை. கால் உள்ளது ஓடும், நெஞ்சுரம் உள்ளது வெல்லும். அவ்வளவே நின் நீதி.

1891-ல் பிரெஞ்சு அரசு பந்தயக் குவை முறையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, 1892-ல், நின் மண்ணில் ஓம்னியம் டெ டூஸான் என்ற பெயரில் ஈராண்டுக் குதிரைகளின் பந்தயம் பிறந்தது. அதுவே பின்னாளில் ரொபேர் பாப்பன் பெயரைப் பெற்றது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் பிரான்சின் பந்தயத் திடல்கள் ஒலியிழந்தன. குதிரைகள் பீரங்கி இழுக்கப் போயின. போர் ஓய்ந்ததும் பந்தயம் மீண்டது. இன்னொரு போரும் வந்து போயிற்று. அதையும் கடந்து இளங்குதிரைகள் நின் புல்லுக்குத் திரும்பின. இரண்டு உலகப் போர்களால் அழிக்க முடியாத உறவை ஒரு கணக்கேடு அழித்ததே என்பதுதான் இன்று நம் கையைப் பிசைய வைக்கிறது.

ஈராண்டுக் குதிரை என்றால் என்ன என்பதை அருகில் நின்று பார்த்தவர்க்கே தெரியும். வட அரைக்கோளத்தில் தரோபிரெட் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி முதல் நாளே பிறந்தநாளாகக் கொள்ளப்படும். ஆகவே மே மாதம் பிறந்த குட்டி, தன் மெய்யான இரண்டாம் பிறந்தநாளுக்கு இரண்டே மாதம் கழித்து ஜூலைப் பந்தயத்துக்கு வந்து நிற்கும். அதன் வாயைத் திறந்து பார்த்தால் முன்வரிசையில் இருப்பவை இன்னும் பால்பற்கள். நடுப்பற்கள் விழுந்து முளைக்க இரண்டரை வயதாக வேண்டும். முன்னங்கால் முட்டிக்கு மேலே எலும்பின் வளர்முனை மூடி இறுகும் பருவமும் அப்போதுதான். தொடக்கக் கூண்டின் இரும்புக் கதவு பின்னால் சாத்தப்படும்போது அதன் காது இரண்டும் இரண்டு திசையில் திரும்பும். முதுகில் ஒரு மனிதன், பக்கத்தில் அறியாத குதிரைகளின் மூச்சு, எதிரே முடிவு தெரியாத பச்சை. கதவு திறக்கிறது. 1,100 மீட்டர், ஒரு நிமிடமும் சில நொடிகளும். குழந்தையாய் உள்ளே போன குதிரை, அந்த நொடிகளின் முடிவில் வேறொன்றாய் வெளியே வருகிறது.

1970 ஜூலையில் நீ கண்டதை மறுபடி எங்கே காண்பாய்! டேவிட் ராபின்சனின் மை ஸ்வாலோ, பெருங்கட்டு உடைய குதிரை. ஏறியிருந்தவர் லெஸ்டர் பிகட். பால் மெலனின் மில் ரீஃப், சிறுத்த உடலும் செதுக்கிய அழகும் கொண்டது. ஏறியிருந்தவர் ஜெஃப் லூயிஸ். இரண்டும் 1968-ல் பிறந்தவை, இரண்டும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. நின் நேர்தடத்தில் இரண்டும் இணைந்து ஓடி, கோட்டைத் தொட்டபோது இடையில் இருந்தது ஒரு தலையின் நீளம்கூட இல்லை. வென்றது மை ஸ்வாலோ. அந்த ஆண்டு அது ஓடிய ஏழு பந்தயங்களிலும் வென்றது. ஆண்டு முடிவில் பிரித்தானியத் தரப்பட்டியலில் மில் ரீஃபைவிட ஒரு பவுண்டு கூடுதல் எடை பெற்று முதலிடத்தில் நின்றது.

மறு ஆண்டு காலம் திசை மாறியது. நியூமார்க்கெட்டின் 2000 கினிஸ் பந்தயத்தில் பிரிகேடியர் ஜெரார்ட் வென்றது. மில் ரீஃப் இரண்டாவது, மை ஸ்வாலோ மூன்றாவது. அதன்பின் மில் ரீஃப் எப்சம் டெர்பி, எக்லிப்ஸ், கிங் ஜார்ஜ், பாரிசின் ஆர்க் என வரிசையாக வென்று நூற்றாண்டின் பெருங்குதிரைகளுள் ஒன்றாயிற்று. பதினான்கு ஓட்டங்களில் பன்னிரண்டு வெற்றி, இரண்டே தோல்வி. இன்று மை ஸ்வாலோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு தோல்விகளுள் ஒன்றைக் கொடுத்த குதிரை என்றே எழுதுகிறார்கள். வென்றவன் தோற்றவனின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகிப் போனான். நீ அவ்வாறு எழுதியதில்லை, திடலே. அன்று நீ அறிந்த குதிரைகளில் மை ஸ்வாலோவே முதல்.

1976-ல் ஆகா கானின் பிளஷிங் க்ரூம் வந்தது. பழக்கியவர் ஃபிரான்சுவா மத்தே. ஜூலையில் நின்னிடம் ரொபேர் பாப்பன், ஆகஸ்டில் தோவீலில் மோர்னீ, செப்டம்பரில் லோங்ஷானில் சலமாந்த்ர், அக்டோபரில் அங்கேயே கிரான் கிரித்தேரியம் என நான்கையும் வென்றது. மை ஸ்வாலோ கோத்ததும் இந்த நான்கு மணிகள் கோத்த மாலையே. பதினைந்து ஆண்டுகள் கழித்து 1991-ல் பிளஷிங் க்ரூமின் மகன் அராஸி அதே நேர்தடத்துக்கு வந்தது. செந்நிறம், நெற்றியில் வெள்ளைப் பட்டை, சிற்றுடல். தந்தை வென்ற நான்கையும் மகனும் வென்றான். நவம்பரில் கடல் கடந்து அமெரிக்காவின் சர்ச்சில் டவுன்ஸ் மண்தடத்தில், பின்வரிசையிலிருந்து குதிரை குதிரையாய்த் தாண்டி வந்து பிரீடர்ஸ் கப் ஜுவனைல் பந்தயத்தைப் பறித்தான். ஐரோப்பாவில் அந்த ஆண்டின் சிறந்த குதிரைக்கான கார்ட்டியே விருது ஈராண்டுக் குதிரைக்குப் போயிற்று.

பின்பு இரு முட்டிகளிலும் அறுவை நடந்தது. 1992 மே மாதம் கென்டக்கி டெர்பியில் உலகமே காத்திருக்க, அராஸி எட்டாவதாக வந்தான். தந்தை பிளஷிங் க்ரூமும் அதே 1992-ல் மாண்டது. அராஸியைப் பற்றி அன்று தொடங்கிய பேச்சு இன்றும் ஓயவில்லை: ‘என்னவெல்லாம் ஆகியிருக்க வேண்டியவன்!’ இரக்கமாக ஒலிக்கும் இந்தப் பேச்சில் ஒரு கொடுமை இருக்கிறது. இளமையின் வெற்றியைக் கடன்பத்திரமாக எண்ணி, பின்னாளில் அதற்கு வட்டி கேட்கும் பேச்சு அது. மலர்ந்த பூவிடம் ஏன் காய்க்கவில்லை என்று கேட்பவர் பூவைப் பார்த்தவரே அல்லர். இளங்குதிரைகளின் பந்தயம் வேறோர் அறத்தின்மேல் நின்றது. இன்று, இந்த வயதில், இந்த ஒரு நிமிடத்தில் எது முந்தியதோ அதுவே முதல். நாளை என்ன ஆகும் என்பது நாளைய பந்தயத்தின் கேள்வி. நின் புல்லில் இளமை எதற்கும் ஒத்திகையாக நடத்தப்படவில்லை. அதுவே முழு வாழ்வாக மதிக்கப்பட்டது.

அந்த அறம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. 1971-ல் ஐரோப்பியப் பந்தயங்களுக்குத் தரவரிசை வந்தபோது ரொபேர் பாப்பன் முதல் தரத்தில் இருந்தது. 1980களில் இரண்டாம் தரத்துக்கு இறங்கியது. 2000-க்குப் பின் சலமாந்த்ர் பந்தயமே நின்றுபோயிற்று. கிரான் கிரித்தேரியம் ஓட்டதூரமும் குறைந்து, 2003 முதல் ழான்-லுக் லகார்தேர் பெயரைத் தாங்கியது. மை ஸ்வாலோவும் பிளஷிங் க்ரூமும் அராஸியும் சூடிய மாலையை இனி எந்தக் குட்டியும் சூட முடியாது. மணிகளில் ஒன்று உதிர்ந்துவிட்டது.

2010-ல் பிரான்சு இணையவழிப் பந்தயத்தைச் சட்டப்படி திறந்துவிட்டது. பணம் கால்பந்துக்கும் பிற விளையாட்டுக்கும் பிரிந்தது, குதிரைப் பந்தயத்தின் வருவாய் சுருங்கியது. பெருஞ்செலவில் புதுப்பிக்கப்பட்ட லோங்ஷான் 2018 வசந்தத்தில் கதவு திறந்தது. அந்த ஆண்டின் இறுதியில் நின்னை மூடும் முடிவை, பந்தயங்களை நடத்தும் ஃபிரான்ஸ் கலோ அமைப்பு அறிவித்தது. 1967-ல் ல திரம்ப்லே போயிற்று, 1996-ல் எவ்ரீ போயிற்று. பாரிசைச் சுற்றிய திடல்களில் அடுத்து நின் முறை வந்தது. இழப்புக் கணக்கில் எழுதப்பட்ட தொகை பொய்யல்ல. ஆனால் 2,000 மீட்டர் நேர்தடத்தை எந்தப் பக்கத்தில், எந்த விலையில் எழுதினார்கள்?

நின் ஊரில் குதிரைகள் இன்னும் இருக்கின்றன. விடியலில் பூங்காத் தெருக்களில் வரிசையாய் நடக்கின்றன. அவற்றுக்கு வழிவிட்டு வண்டிகள் நிற்கின்றன. பயிற்சித் தடங்களில் இளங்கால்கள் ஓடப் பழகுகின்றன. பழகி முடித்ததும் வண்டியேறி வேறூர் போகின்றன, தாய்வீட்டில் வளர்ந்தும் தாய்வீட்டில் மணம் காணாத பெண்களைப் போல. எங்கள் கையில் என்ன இருக்கிறது, திடலே? மூடிய திடலைத் திறக்கும் அதிகாரம் இல்லை. இழப்பை ஈடுசெய்யும் பொருளும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லும் வாய் ஒன்று இருக்கிறது. இனி மில் ரீஃபின் புகழை யார் பாடினாலும் அவர்களிடம் நாங்கள் சொல்வோம்: 1970 கோடையில் அதை முந்திய ஒரு குதிரை இருந்தது, அது தற்செயலாக முந்தவில்லை, அன்று அதுவே சிறந்தது. அராஸியை ஏமாற்றம் என்று எவர் சொன்னாலும், ஈராண்டில் அவன் தரவேண்டியதை முழுவதும் தந்துவிட்டான் என்போம். பந்தயத்தை இன்னொரு புல்லுக்கு மாற்றலாம், கோப்பையை மாற்றலாம், பெயரையும் மாற்றலாம். அவை வென்ற இடம் நீ என்பதை மாற்றுவதற்கு எந்த அமைப்பின் தீர்மானத்துக்கும் வலிமை இல்லை.