பழைய மடிக்கணினியும் காற்றின் பெயர்களும்

2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். ராமேஸ்வரம் வண்டிகள் மண்டபத்தோடு நின்றன. அந்த நாட்களில்தான் என் மடிக்கணினியும் மக்கர் பண்ணியது. "தாத்தாவோட வண்டியும் மண்டபத்துலயே நின்னுபோச்சு" என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

அது பேத்திக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்தது. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அவள் வேலைக்குப் போனதும் என் கைக்கு வந்தது. தம்பி மகன் உபுண்டு 16.04 போட்டுத் தந்தான். அதில்தான் பத்து வருடமாக நான் சேர்த்த கடல் சொற்களைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுகளின் பெயர்கள், வலைகளின் பெயர்கள், நீரோட்டங்களின் பெயர்கள். பாதியைச் சொன்ன சம்மாட்டி இப்போது இல்லை. கையால் எழுதிய நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது.

16.04க்கான வழக்கமான ஆதரவு 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. சரி, மேம்படுத்துவோம் என்று துணிந்து இறங்கினேன். நகல் எதுவும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, மேம்பாட்டைக் கணக்கிட முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

தம்பி மகனைக் கூப்பிட்டேன். அவன் முதலில் கேட்டது, "பெரியப்பா, ஃபைலெல்லாம் காப்பி எடுத்தீங்களா?" என்பதுதான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "நல்லவேளை, எதையும் மாத்தறதுக்கு முன்னாடியே நின்னிருக்கு" என்றான். அன்றே இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தேன்.

பிறகு பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தோம். குற்றவாளி லிப்ரே ஆபீஸ். புதிய வசதிகளுக்கு ஆசைப்பட்டு, உபுண்டுவின் களஞ்சியத்துக்கு வெளியே பிபிஏ என்ற தனிக் களஞ்சியத்தைச் சேர்த்து நான்தான் அதை நிறுவியிருந்தேன். அந்தப் பதிப்பு, 18.04 கொண்டுவரும் பதிப்பைவிடப் புதியது. ஒன்றையொன்று நம்பியிருக்கும் பொதிகள் அதனால் முட்டிக்கொண்டன. மேம்படுத்தும்போது வெளிக் களஞ்சியங்களை உபுண்டு முடக்கிவிடும். பொதி மட்டும் நாதியில்லாமல் நிற்கும்.

பிபிஏ-பர்ஜ் என்ற கருவியால் அந்தக் களஞ்சியத்தை நீக்கி, லிப்ரே ஆபீஸை உபுண்டுவின் பழைய பதிப்புக்கே இறக்கினோம். நகராதபடி பிடித்து வைத்த பொதி வேறு ஏதும் உண்டா என்றும் பார்த்தோம். அதன்பின் 18.04க்கு ஏறியது. அங்கிருந்து 20.04. நடுப்படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. இரண்டு இரவுகள் ஆயின. மின்சாரம் போய்விடுமோ என்று விசிறியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் கோப்பைத் திறந்தேன். முதல் வரியில் 'வாடை' அப்படியே இருந்தது.

என் வயதுக்காரர்களுக்கு மூன்று சொல்வேன். முதலில் நகல் எடுங்கள். வெளியிலிருந்து போட்ட மென்பொருளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிழைச்செய்தியைத் திட்டாமல் முழுதாகப் படியுங்கள். என்னை அன்று காப்பாற்றியது அந்த மறுப்புதான்.

பாம்பனிலும் பழைய பாலம் நிற்கும்போதே பக்கத்தில் புதியதைக் கட்டினார்கள். 2025 ஏப்ரல் 6இல் அது திறக்கப்பட்டது. என் சொற்கள் இப்போது இரண்டு பென் டிரைவிலும், அச்சடித்த ஒரு கட்டாகவும் இருக்கின்றன. கட்டுக்குள் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன், கரையானுக்குப் பயந்து.