குமட்டலோடு கடலுக்குள்ளே!

பஸ் கிளம்பினாலே வயிற்றைப் பிரட்டுகிற ரகம் நான். எங்கள் வலங்கைமானிலிருந்து கும்பகோணம் அரைமணி நேரப் பயணம்தான். அதற்கே எனக்குக் கையில் ஒரு எலுமிச்சம்பழம், மடியில் ஒரு பை, ஜன்னலோர சீட் மூன்றும் வேண்டும். வாந்தி எடுத்தால் போதும், பக்கத்தில் இருப்பவர், "என்னம்மா, விசேஷமா?" என்று கேட்டுவிடுவார். இரண்டு பிள்ளை பெற்று நாற்பதைத் தாண்டிய பிறகும் கேட்டவர்கள் உண்டு! இந்தக் கூச்சத்துக்காகவே எத்தனையோ பெண்கள் கல்யாணம் காட்சிக்குக்கூடப் போகாமல் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள்.

என் தம்பிக்கு அந்தமானில் வேலை. சென்ற பிப்ரவரியில் எங்களை வரச் சொன்னான். போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். தம்பி வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். அங்கிருந்து கப்பலில் போனால் ஹேவ்லாக் தீவு. அதுவும் 2018 முதல் ஸ்வராஜ் தீவு. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் பவளப் பாறைகளைப் பார்க்கும் ஸ்கூபா டைவிங் அங்கே பிரசித்தம். என் மகள் என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

"கும்மோணம் பஸ்ஸையே தாங்காதவளுக்கு இது எதுக்கு?" என்றார் என் மாமியார். எனக்கோ உள்ளூர ஆசை. எங்கள் ஊரில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று கப்பலேறிப் போனவர். அதே ஊர்க்காரி அரைமணி நேரம் படகில் போகக் கூடாதா?

கிளம்புமுன் எங்கள் டாக்டரைப் பார்த்தேன். காரணத்தை அழகாகச் சொன்னார். நம் உட்காதில் உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு இருக்கிறது. படகு ஆடும்போது காது "ஆடுகிறாய்" என்கிறது. படகுக்குள் இருக்கும் பையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ "எதுவும் ஆடவில்லை" என்கிறது. இந்தச் சண்டையில் மூளை குழம்பி, வயிறு புரள்கிறது. பஸ் டிரைவருக்கு வாந்தி வருவதில்லையே, ஏன்? அடுத்த வளைவு எங்கே என்று அவருக்கு முன்பே தெரியும்! ஆண்களைவிடப் பெண்களுக்கும், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் இது அதிகமாம். ஆக, இது மனப் பலவீனம் இல்லை.

பஸ்ஸுக்கு நாம் போடும் அவோமின் மாத்திரை பற்றியும் கேட்டேன். அது தூக்கம் வரவழைக்கும். கடலடியில் தூக்கக் கலக்கம் ஆபத்து என்றார். எந்த மாத்திரையானாலும் டாக்டரைக் கேட்டு, வீட்டிலேயே முன்கூட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும். கடலில் முதல் பரீட்சை கூடாது. நான் இஞ்சி மரப்பாவோடு நிறுத்திக்கொண்டேன்.

காலையில் இரண்டே இட்லி. எண்ணெய்ப் பலகாரம் கிடையாது, வெறும் வயிறும் கூடாது. கரையில் ஒரு படிவம் கொடுத்து ஆஸ்துமா, இதய நோய், காது ஆபரேஷன், கர்ப்பம் எல்லாம் கேட்டார்கள். அதில் எதையும் மறைக்கக் கூடாது. சளி பிடித்திருந்தாலும் இறங்கக் கூடாது. "எனக்கு வாந்தி வரும் தம்பி" என்று பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். தமிழ்ப் பிள்ளை. "நல்லதும்மா, சொன்னதால கவனிச்சுக்கலாம்" என்றான்.

படகில் நடுவில் உட்காரச் சொன்னான்; முனையில் ஆட்டம் அதிகம். டீசல் புகை வராத பக்கமாகப் பார்த்து, தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியும் படகை நிறுத்தியதும் வந்துவிட்டது! ஓடும் படகைவிட நின்ற படகுதான் மோசம். காற்று முதுகில் படுகிற பக்கமாகத் திரும்பி எடுத்தேன். யாரும் "விசேஷமா?" என்று கேட்கவில்லை.

தண்ணீருக்குள் வாந்தி வந்தால்? எனக்கிருந்த பெரிய பயமே அதுதான். வாயில் கவ்வியிருக்கும் மூச்சுக் குழாயை எடுக்கவே கூடாதாம். அதற்குள்ளேயே எடுத்துவிட்டு, அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் காற்று பீறிட்டுச் சுத்தமாகிவிடும். வாந்தி எடுத்தவுடன் நம்மையறியாமல் மூச்சை இழுப்போம். அப்போது வாயில் குழாய் இல்லையென்றால் கடல் தண்ணீர்தான் உள்ளே போகும். கட்டை விரலை உயர்த்தினால் "பிரமாதம்" என்று அர்த்தமில்லை, "மேலே போகலாம்" என்று அர்த்தம். உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டி வயிற்றைக் காட்டினால் "எனக்குச் சரியில்லை".

மேற்பரப்பில்தான் அலையாட்டம். கீழே போகப் போக அடங்கிவிடுகிறது. சில அடிக்கு ஒருமுறை மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறந்துகொள்ள வேண்டும். ஒரு காது திறந்து ஒரு காது அடைத்திருந்தால் தலை சுற்றும். அதையும் குமட்டல் என்றே நினைத்துக்கொள்வோம்.

இருபதடி ஆழத்தில், அலையோடு ஆடிய கடற்பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மறுபடி வாயில் உமிழ்நீர் ஊறியது. மகள் சந்தோஷமாக மீன்களைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். பொறுத்துக்கொள்ளலாமா என்று தோன்றத்தான் செய்தது. ஆனாலும் கையை ஆட்டி வயிற்றைக் காட்டினேன். பயிற்சியாளர் என் கையைப் பிடித்து ஒரு பெரிய பாறையைச் சுட்டிக்காட்டினான். ஆடாத அந்தப் பாறையையே பார்த்து நிதானமாக மூச்சு விட்டேன். மெல்ல அடங்கிவிட்டது. அதன் பிறகுதான் மஞ்சளும் நீலமுமாய்ப் போன மீன் கூட்டத்தை நானும் பார்த்தேன். எத்தனை நேரம் இருந்தோமோ, எனக்கு நினைவில்லை.

டைவிங் முடிந்த கையோடு விமானம் ஏறக் கூடாது. ஒருமுறை இறங்கினாலே 12 மணி நேரமாவது, பல முறை என்றால் 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். நாங்கள் ஒரு நாள் கூடவே தங்கினோம். தம்பி மனைவி மீன் குழம்பு வைத்திருந்தாள். மகள் தட்டைத் தள்ளிவிட்டாள், "நேத்து பார்த்த மீனா இருந்தா?" என்று. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.