பாட்டரிக்கும் தனிக்குடித்தனம்!

பானையில் எத்தனை படி அரிசி இருக்கிறது, ஒரு வேளைக்கு எத்தனை ஆழாக்கு வேண்டும் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த நமக்கு, வண்டி பாட்டரியின் கணக்கு ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. பள்ளி இறுதி வகுப்போடு நின்ற எனக்கே புரிந்துவிட்டது என்றால் பாருங்களேன்!

எங்களிடம் ஒரு பழைய வேன் இருக்கிறது. கோடை விடுமுறையில் ஸீட்டுகளை மடக்கி, மெத்தை விரித்து, குடும்பத்தோடு கோயில் குளம் என்று கிளம்பிவிடுவோம். இரவில் வேனிலேயே படுக்கை. உள்ளே இரண்டு விளக்கு, ஒரு சின்ன விசிறி, அத்தையின் இன்சுலினுக்காக ஒரு கூலர் பெட்டி. அத்தைக்கு வயது 72. மருந்து கெடக்கூடாது, காலையில் வண்டியும் கிளம்ப வேண்டும். இரண்டும் ஒரே பாட்டரியை நம்பியிருந்ததுதான் எனக்குக் கவலை.

"ஒரு ராத்திரிதானே, அதுக்குள்ளே என்ன தீர்ந்துடும்?" என்றார் இவர். நான் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு சாமானிலும் எத்தனை வாட் என்று போட்டிருக்கும். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். அதை ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால், பாட்டரியிலிருந்து போகும் அளவு.

கூலர் 48 வாட், அதாவது 4 ஆம்பியர். 10 மணி நேரத்துக்கு 40. விசிறி 1 ஆம்பியர். 8 மணி நேரத்துக்கு 8. எல்.இ.டி. விளக்குகளுக்கு 2. ஆக மொத்தம் 50. எங்கள் பாட்டரியோ 80. 'இன்னும் 30 மிச்சம் இருக்கிறதே' என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம்! வண்டியைக் கிளப்பும் பாட்டரி, சில விநாடிகள் பலமாகக் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்வதற்காகச் செய்தது. பாதிக்கு மேல் வற்றினால் இஞ்சின் கிளம்பாமல் போகலாம். அடிக்கடி வற்றவிட்டால் தகடுகளில் ஸல்ஃபேட் படிந்து, அதன் ஆயுளே குறைந்துவிடும்.

கணக்கைப் பார்த்ததும் இவர் மறுபேச்சுப் பேசவில்லை. எலெக்ட்ரீஷியனை அழைத்து, வீட்டு இன்வெர்ட்டருக்கு வைப்பதுபோல 120 ஆம்பியர் மணி பாட்டரி ஒன்றைத் தனியாக வைத்தார். நடுவில் ஒரு ரிலே. இஞ்சின் ஓடும்போது இரண்டு பாட்டரியும் சார்ஜ் ஆகும். நின்றதும் இரண்டும் பிரிந்துவிடும். விளக்கும் விசிறியும் கூலரும் புதியதில்தான் ஓடும். ஃப்யூஸும், சார்ஜ் குறைந்தால் தானே நிறுத்தும் ஒரு சாதனமும் உண்டு. சார்ஜ் ஆகும்போது தீப்பற்றக்கூடிய வாயு வரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொன்னேன்.

இனி என் கைமுறைகள்:

கூலரைக் கிளம்பும் முன்பே வீட்டுக் கரண்டில் குளிரவைத்துவிடுவேன். வேனை நிழலில் நிறுத்தச் சொல்வேன். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி வேண்டும். ஆனால் உறைந்துவிட்டால் அந்த மருந்து வீண். ஆகவே ஐஸ் நேராகப் படக்கூடாது. உபயோகத்தில் இருக்கும் மருந்தைப் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல் போகாமல் ஏறக்குறைய நாலு வாரம் வெளியிலேயே வைக்கலாம். மருந்துக்கு மருந்து மாறும், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செல்போன்களை வண்டி ஓடும்போதே சார்ஜ் செய்துவிடுவோம். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் ராத்திரி அதை அணைத்துவிட வேண்டும். எதுவும் மாட்டாவிட்டாலும் அது சும்மாவே கரண்டைக் குடிக்கும்.

ஊர் திரும்பி மாதக்கணக்கில் வேனை நிறுத்துகிறீர்களா? கடிகாரமும் அலாரமும் சேர்ந்து 0.05 ஆம்பியர் எடுத்தால்கூட மாதத்துக்கு 36 ஆகிவிடும்! நெகடிவ் ஒயரை முதலில் கழற்றி வையுங்கள்; மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

ஒரு சின்ன வோல்ட் மீட்டரும் வாங்கிவிடுங்கள். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரியில் 12.6 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி.

2024 மே மாதம் இந்த ஏற்பாட்டோடு ராமேஸ்வரம் போய்வந்தோம். காலையில் சாவியைத் திருகியதும் வண்டி கிளம்பியது. அத்தை சிரித்துக்கொண்டே, "தனிக்குடித்தனம் வெச்சாத்தான் ரெண்டும் சௌக்கியமா இருக்கும்போல" என்றார். பிரயாணம் போகும் சகோதரிகளே, புடவைகளை எடுத்து வைக்கும் முன் ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.