மதர்போர்டு தப்பித்தது!

திருத்தணியில் எங்கள் வீட்டில் அடுப்பு ஒன்று, பாஷை இரண்டு. அம்மாவுக்குத் தமிழ், மனைவி நகரிப் பக்கம், தெலுங்கு. 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தி எங்கள் ஊரை ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் சேர்த்தார்கள். சமையலறையில் மட்டும் இன்னும் கோடு போடவில்லை!

இதே வித்தையைக் கம்ப்யூட்டரும் செய்யும் என்றார்கள். விண்டோஸ் வீட்டுக்காரர், உள்ளே லினக்ஸ் விருந்தாளி. லினக்ஸ் தெரிந்தால் ஆபீசில் சர்வர் பிரிவுக்குப் போகலாம். அதற்கு ஒரு பரீட்சை. "இந்த வயசுல முடியுமாய்யா?" என்று சிரித்தார் மேலதிகாரி. நாலு வருஷமாக அரக்கோணம் வழியாக ரயிலில் தொங்குகிறவனுக்கு ரோஷம் வராதா?

வர்ச்சுவல்பாக்ஸைப் போட்டு லினக்ஸைக் கிளப்பினேன். சிவப்பாக ஒரு அறிவிப்பு வந்து நின்றுவிட்டது. பரீட்சைக்கு எட்டே நாள்.

கடைக்காரரிடம் ஓடினேன். "உங்க சிப்ல அந்த வசதியே இல்ல சார். மதர்போர்டோட மாத்திடுங்க" என்றார். மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு மறுபடி கிளம்பினேன்.

மனைவி குறுக்கே வந்தாள். "ஏமண்டி, கொஞ்சம் நில்லுங்க. 'விடி-எக்ஸ் டிஸேபிள்டு'ன்னுதானே போட்டிருக்கு? இல்லைன்னா சொல்லுது? அணைச்சு வெச்சிருக்குன்னுதானே சொல்லுது?"

அட!

டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தைப் பார்த்தேன். 'வர்ச்சுவலைசேஷன்: டிஸேபிள்டு'. விருந்தாளி தன்பாட்டுக்கு வேலை பார்க்கலாம். பீரோவில் கை வைத்தால் மட்டும் சிப் தடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிடும். அதுதான் இந்த வசதி. இன்டெல் இதை 2005லும், ஏஎம்டி 2006லும் கொண்டுவந்தன. ஆனால் பல போர்டுகளில் அணைத்து வைத்தே அனுப்புகிறார்கள்.

கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பி, எஃப்2வைத் தட்டிக்கொண்டே இருந்தேன். (சில போர்டுகளில் டெலீட் பட்டன்.) பயாஸ் திறந்தது. 'அட்வான்ஸ்டு'க்குள் 'இன்டெல் வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' சாதுவாக உட்கார்ந்திருந்தது. ஏஎம்டி வைத்திருப்பவர்கள் 'எஸ்விஎம் மோட்' என்று தேட வேண்டும். 'எனேபிள்டு' ஆக்கி, எஃப்10 அழுத்திச் சேமித்தேன்.

அப்படியும் அதே சிவப்பு எழுத்து! கண் இருட்டிக்கொண்டு வந்தது. மலைக்கோயிலின் 365 படியையும் ஏறிவிட்டு, நடை சாத்தியிருந்தால் எப்படி இருக்கும்? வெறுத்துப்போய் சுவிட்சையே அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து போட்டால், லினக்ஸ் சிரித்தது. சில கம்ப்யூட்டர்களுக்கு ரீஸ்டார்ட் போதாதாம்; கரண்டை முழுசாக நிறுத்தி, மறுபடி கொடுத்தால்தான் புது உத்தரவு காதில் ஏறுமாம். என்னை மாதிரியே!

மோதிரம் விரலுக்குத் திரும்பியது. பரீட்சையும் பாஸ். மேலதிகாரி இப்போது வயசைப் பற்றிப் பேசுவதில்லை.

கடைக்காரரைப் பார்த்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கப் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்படியா சார்? நம்ம கடை கம்ப்யூட்டர்லயும் இதே தொல்லை. கொஞ்சம் பார்த்துக் கொடுத்துட்டுப் போங்களேன்!"